ஒரே பிரீசெட், மூன்று கணினி: எக்ஸ்போர்ட் அமைப்பை அடுத்தவருக்குக் கைமாற்றுவது எப்படி

எங்கள் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழா என்றால் பெரும்பாலும் பத்து நாள். கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை எல்லா நாளும் வீடியோ உண்டு. அப்படி ஒரு திருவிழாவை நாங்கள் மூன்று பேர் பங்குபோட்டு எடிட் செய்தோம். முதல் நான்கு நாள் நாகர்கோவிலில் இருக்கும் எனக்கு, அடுத்த மூன்று நாள் குளச்சல் தம்பிக்கு, மிச்சம் மார்த்தாண்டத்து அண்ணனுக்கு. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் சேர்க்க உட்கார்ந்தோம். என்னுடையது இரண்டு மணி நேரத் திருப்பலி, ஏழு ஜிபிக்கு மேல். பென் டிரைவ் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. தம்பியுடையதை டிவியில் போட்டால் சத்தம் மட்டும் வந்தது, திரை கறுப்பு. அண்ணனுடையது ஓடியது. ஆனால் தேர் நகரும் இடமெல்லாம் விக்கல் எடுத்ததுபோல் வெட்டி வெட்டி நகர்ந்தது.

மூன்று பேரும் பயன்படுத்தியது ஒரே மென்பொருள், ஷாட்கட். எடிட்டிங்கில் யாரும் தப்பு செய்யவில்லை. வேறுபட்டது கடைசிப் படி, அதாவது எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை வீடியோ கோப்பாக வெளியே எடுப்பது) பொத்தானை அமுக்குவதற்கு முன் ஆளாளுக்கு வைத்திருந்த அமைப்பு. அன்றைக்குத்தான் ஒரு பிரீசெட், அதாவது சேமித்துவைத்த அமைப்பு, செய்து மூன்று பேரும் அதையே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். முதல் முயற்சியும் சொதப்பியது, அதையும் கீழே சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை ஷாட்கட் அல்லது கேடென்லைவ் வைத்து எடிட் செய்யத் தொடங்கியிருப்பவர்களுக்கு. இரண்டும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்.

பிரீசெட்டுக்குள் என்ன இருக்கிறது

தமிழில் முன்னமைவு என்று எழுதுவார்கள். பேச்சில் எல்லாருக்கும் பிரீசெட்தான். தையல்கடைக்காரர் வைத்திருக்கும் அளவு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் துணி இருக்காது, அளவு மட்டும் இருக்கும். பிரீசெட்டிலும் உங்கள் வீடியோ இருக்காது. எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), எவ்வளவு தரம், ஆடியோ எப்படி என்கிற சில வரிகள் மட்டும். சில நூறு எழுத்துகள் கொண்ட சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். பகிர்வது சுலபமாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

ஷாட்கட்டும் கேடென்லைவும் வெளியே பார்க்க வேறு வேறு என்றாலும் அடியில் இரண்டுக்கும் ஒரே இயந்திரம். எம்எல்டி என்ற கட்டமைப்பின் மேல்தான் இரண்டும் நிற்கின்றன, வீடியோவைச் சுருக்கும் வேலையை இரண்டிலும் எஃப்எஃப்எம்பெக் செய்கிறது. அதனால் ஒன்றில் கற்றுக்கொண்ட சொற்கள் மற்றதிலும் செல்லும். கோப்பின் வடிவம் மட்டும் வேறு: கேடென்லைவ் எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்துக்கொள்ளும், ஷாட்கட் வரிக்கு ஒரு அமைப்பாக வெறும் எழுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றின் கோப்பை அப்படியே தூக்கி மற்றதில் போட முடியாது.

முதலில் எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே பிரீசெட் என்பது நடக்காது. எங்களிடம் இப்போது மூன்று இருக்கின்றன: யூடியூபுக்கு ஒன்று, டிவியில் செருகும் பென் டிரைவுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று. இதற்கு மேல் போனால் எது எதற்கு என்றே குழப்பம்.

யூடியூபுக்கு: எம்பி4 கோப்பு, எச்.264 கோடெக், ஏஏசி ஆடியோ, 48 கிலோஹெர்ட்ஸ். இது யூடியூபே பரிந்துரைக்கும் சேர்க்கை. தரத்தை பிட்ரேட்டாக (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவாக)ச் சொல்லாமல் சிஆர்எஃப் என்ற எண்ணால் சொல்லுங்கள். எச்.264இல் இந்த எண் 0 முதல் 51 வரை போகும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். எதுவும் சொல்லாவிட்டால் 23 என்று எடுத்துக்கொள்ளும். யூடியூப் எப்படியும் இன்னொரு தடவை சுருக்கும் என்பதால் நான் 20 வைக்கிறேன். ஷாட்கட்டில் தரம் சதவீதமாக இருக்கும். 55 சதவீதம் ஏறத்தாழ 23. பக்கத்திலேயே சிஆர்எஃப் எண்ணையும் காட்டும், அதைப் பார்த்து வையுங்கள்.

பிட்ரேட் வேண்டாம், சிஆர்எஃப் வேண்டும் என்பதற்குக் காரணம் நம் ஊர்தான். முட்டம் பாறையில் அலை அடிப்பதைப் படம் எடுத்துப் பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கும் (வீடியோவில் உள்ள ஒரு தனிப் படம்) அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியும் மாறியிருக்கும். நுரைக்குத் திரும்ப வரும் வடிவமே கிடையாது, அதனால் கோடெக்குக்கு மிச்சம் பிடிக்க இடமில்லை. பேச்சிப்பாறையில் ரப்பர் தோட்டத்து மழை, தோவாளையில் ஆள் நடமாட்டம் நிறைந்த பூச்சந்தை எல்லாம் இதே ரகம். மறுபக்கம் ஒருவர் சுவரோரம் உட்கார்ந்து பேட்டி கொடுக்கிறார் என்றால் அசைவது வாய் மட்டும். இரண்டுக்கும் ஒரே பிட்ரேட் கொடுத்தால் அலை கட்டம் கட்டமாக உடையும், பேட்டிக்குக் கொடுத்தது வீணாகும். சிஆர்எஃப் கொடுத்தால் தேவையைப் பார்த்து அதுவே அளந்து கொடுத்துக்கொள்ளும். உங்கள் பிரீசெட்டை வாங்குபவர் எதைப் படம் எடுக்கப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியாதே. பகிரும் பிரீசெட்டுக்கு இதுதான் பொருத்தம்.

பென் டிரைவ் கதை தலைகீழ். நிறைய பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 64 ஜிபி காலியாகக் கிடந்தாலும் தாண்ட முடியாது. என் ஏழு ஜிபி திருப்பலிக்கு நேர்ந்தது இதுதான். சிஆர்எஃப் வைத்தால் கோப்பு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, எனவே இங்கே பிட்ரேட்டே சரி. கணக்கு எளிது: நொடிக்கு எத்தனை மெகாபிட்டோ அதை மொத்த நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் மெகாபைட் வரும். இரண்டு மணி நேரம் 7,200 நொடி. 8 மெகாபிட் என்றால் 7,200 எம்பி. 4 மெகாபிட் என்றால் 3,600 எம்பி, ஆடியோவுக்கு 192 கிலோபிட் கொடுத்தால் அதற்கு இன்னொரு 173 எம்பி. அடங்கிவிடும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் இந்த வரம்பு இல்லை. ஆனால் பழைய டிவி சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற பென் டிரைவில் அந்தச் சோதனை வேண்டாம்.

தம்பியின் கறுப்புத் திரைக்கும் டிவிதான் காரணம். சிறிய கோப்பாக வரும் என்று எச்.265 தேர்ந்தெடுத்திருந்தான். எச்.264 வெளிவந்தது 2003இல், எச்.265 வந்தது 2013இல். கல்யாண வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் டிவி எந்தக் காலத்தது என்று நமக்குத் தெரியாது. ஊருக்குக் கொடுப்பதற்கு எச்.264, அதிலும் 8-பிட் (நிறத்துக்கான வழக்கமான அளவு). இதில் நான் பிடிவாதக்காரன்.

வாட்ஸ்அப்புக்கு நீளமான பக்கம் 1280 பிக்சல், சிஆர்எஃப் 26, ஆடியோ 128 கிலோபிட் போதும். கல்ஃபில் இருக்கும் சொந்தக்காரர்கள் தெளிவான படம் வேண்டும் என்று கேட்டால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்காது.

எதை எடுத்துவிட வேண்டும்

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. உங்கள் கணினிக்கு மட்டும் பயன்படும் பிரீசெட்டில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். கைமாற்றிக் கொடுக்கும் பிரீசெட்டில் உங்கள் கணினிக்கே உரிய விஷயங்களும் உங்கள் அந்த நேரத்து வீடியோவுக்கே உரிய விஷயங்களும் இருக்கக் கூடாது. என் சட்டை அளவை எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பிக்கு ஏன் பொருந்தவில்லை என்று கேட்க முடியுமா?

நான் அதைத்தான் செய்தேன். முதல் பிரீசெட்டை அனுப்பிய அன்று ராத்திரியே தம்பி கூப்பிட்டான். “அண்ணே, நீங்க அனுப்புனத போட்டு எக்ஸ்போர்ட் குடுத்தா ஒடனே ஃபெயில்னு வருது. என் லேப்டாப்புல ஏதோ கோளாறு போல.” லேப்டாப்பில் கோளாறு இல்லை. என் கணினியில் என்விடியா கார்டு உண்டு. ஹார்டுவேர் என்கோடரை, அதாவது சுருக்கும் வேலையை அந்தக் கார்டிடமே விடும் வசதியை, டிக் செய்து வைத்திருந்தேன். பிரீசெட்டில் கோடெக் என்ற இடத்தில் என்விடியாவின் என்வென்க் என்று பதிந்து போய்விட்டது. அவன் லேப்டாப்பில் அந்தக் கார்டே கிடையாது. என்வென்க் என்விடியாவுக்கு, குவிக்சிங்க் இன்டெலுக்கு, விஏ-ஏபிஐ லினக்ஸுக்கு. ஒன்றை எழுதினால் மற்றவர் கணினி திகைத்து நிற்கும். எல்லா இடத்திலும் ஓடுவது மென்பொருளே செய்யும் எக்ஸ்264 (எச்.264 வீடியோவை உருவாக்கும் என்கோடர்). மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். இன்னொன்று: சிஆர்எஃப் எண் எக்ஸ்264க்கு உரியது. ஹார்டுவேர் என்கோடரில் அதே எண்ணை வைத்தால் அதே தரம் வரும் என்று நம்ப வேண்டாம்.

அடுத்தது ரெசல்யூஷனும் ஃபிரேம் வேகமும். மார்த்தாண்டத்து அண்ணனின் விக்கல் இங்கிருந்து வந்தது. அவர் படம் எடுத்தது போனில், நொடிக்கு 30 ஃபிரேம். அவருடைய பழைய பிரீசெட்டில் 25 என்று எழுதியிருந்தது. முப்பதை இருபத்தைந்தாக்க வேண்டுமென்றால் ஆறில் ஒரு ஃபிரேமைத் தூக்கிப் போட வேண்டும். ஒருவர் நின்று ஜெபிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. தேர் சீராக நகரும்போது ஒவ்வொரு இழப்பும் ஒரு குலுக்கலாகத் தெரியும். பிரீசெட்டில் வேகம் எதுவும் எழுதாமல் விட்டால் டைம்லைனில் இருப்பதே வெளியே வரும். ரெசல்யூஷனும் அப்படியே. 1920க்கு 1080 என்று எழுதிவிட்டு அதை ரீல்ஸ் செய்பவர் கையில் கொடுத்தால் நெட்டுக்குத்தான படம் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும்.

விதிவிலக்கு, வாட்ஸ்அப் பிரீசெட். அதன் வேலையே சிறிதாக்குவது என்பதால் அதில் அளவு எழுதித்தான் ஆக வேண்டும். நெட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று என்று இரண்டாகச் செய்யுங்கள். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும், வழக்கமான எச்.264இல் ஒற்றைப்படை செல்லாது.

(25 நல்லதா 30 நல்லதா என்று கேட்பார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் டியூப் லைட்டும் சீரியல் பல்பும் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். கேமராவில் 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் துடிப்போடு ஒத்துப்போகும். 30 ஃபிரேம், அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால் அலங்கார விளக்கு சிமிட்டுவதுபோல் பட்டை ஓடலாம். ஆனால் இது கேமராவில் முடிவு செய்ய வேண்டியது. எக்ஸ்போர்ட்டில் மாற்றிச் சரிசெய்ய முடியாது.)

திரெட் (பிராசஸர் ஒரே நேரத்தில் பங்குபோட்டுச் செய்யும் வேலைகள்) எண்ணிக்கை எழுதியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள், அவரவர் கணினி பார்த்துக்கொள்ளும். ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற வரி இருந்தால் மட்டும் தொடாதீர்கள். கோப்பின் குறிப்பேட்டை முன்னால் கொண்டுவந்து வைப்பது அதன் வேலை. முழுதும் இறங்கும் முன்பே இணையத்தில் படம் ஓடத் தொடங்குவது அதனால்தான்.

ஷாட்கட்டில் செய்முறை

1. மேல் பட்டையில் எக்ஸ்போர்ட் அமுக்குங்கள். இடப்பக்கம் பிரீசெட் பட்டியல் வரும். வெறுமையிலிருந்து தொடங்க வேண்டாம், அதில் உள்ள யூடியூப் பிரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

2. கீழே அட்வான்ஸ்ட் என்ற பொத்தான். திறந்தால் வீடியோ, கோடெக், ஆடியோ, அதர் என்று தாவல்கள் வரும். கோடெக் தாவலில் எக்ஸ்264 இருக்கிறதா, ரேட் கன்ட்ரோல் என்பதில் குவாலிட்டி அடிப்படையிலானது இருக்கிறதா என்று பார்த்துத் தரத்தை வையுங்கள். பென் டிரைவுக்கு என்றால் ஆவரேஜ் பிட்ரேட்.

3. ஹார்டுவேர் என்கோடர் டிக்கை எடுத்துவிடுங்கள். நான் விட்டது இதை.

4. பிரீசெட் பட்டியலுக்குக் கீழே கூட்டல் குறி. அதை அமுக்கினால் பெயர் கேட்கும், கூடவே சேமிக்கப் போகும் எல்லா வரிகளையும் ஒரு பெட்டியில் காட்டும். அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீர்கள். ஷாட்கட்டின் மிக நல்ல வசதி இந்தப் பெட்டிதான். வேண்டாத வரியை அங்கேயே அழிக்கலாம். அகலம், உயரம், ஃபிரேம் வேகம், திரெட் பற்றிய வரிகளைப் பார்த்து அழித்துவிட்டு ஓகே கொடுங்கள்.

பெயரை ஆங்கில எழுத்திலேயே வைப்பது நல்லது. தமிழ்ப் பற்று குறைவு என்று நினைக்க வேண்டாம். விண்டோஸில் ஜிப் செய்ததை லினக்ஸில் பிரிக்கும்போது தமிழ்ப் பெயர் சில நேரம் கேள்விக்குறிகளாக மாறிவிடுகிறது. பெயரில் சாய்கோடு போடாதீர்கள், அந்தப் பெயர்தான் கோப்பின் பெயராகவும் ஆகும். ‘Kumari YouTube 1’ என்பது போல எதற்கு, எத்தனையாவது பதிப்பு என்று பெயரிலேயே தெரிந்தால் போதும்.

இனி அந்தக் கோப்பை எடுக்க வேண்டும். செட்டிங்ஸ் மெனுவில் ஆப் டேட்டா டைரக்டரி, அதற்குள் ஷோ. ஃபோல்டர் திறக்கும். அதில் பிரீசெட்ஸ், அதற்குள் என்கோட். நீங்கள் வைத்த பெயரிலேயே ஒரு கோப்பு கிடக்கும். அதன் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்த நீட்டிப்பு எதுவும் இருக்காது. நீட்டிப்பு இல்லாத கோப்பைப் பார்த்து சில போன்கள் முழிக்கும், அதனால் ஜிப் ஆக்கி வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். வாங்குபவர் தன் கணினியில் இதே வழியில் போய் என்கோட் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு ஷாட்கட்டை மூடித் திறந்தால் பட்டியலில் கஸ்டம் என்பதன் கீழ் வந்துவிடும். என்கோட் ஃபோல்டரே இல்லை என்றால், அவர் இதுவரை சொந்தமாக ஒரு பிரீசெட்டும் சேமித்ததில்லை என்று அர்த்தம். ஏதாவது ஒன்றைச் சும்மா சேமித்தால் ஃபோல்டர் உருவாகிவிடும்.

கேடென்லைவில் செய்முறை

மார்த்தாண்டத்து அண்ணன் பிறகு லினக்ஸுக்கு மாறினார், கூடவே கேடென்லைவுக்கும். அவர் வழியாகத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

புராஜெக்ட் மெனுவில் ரெண்டர், அல்லது கன்ட்ரோலோடு என்டர். இடப்பக்கப் பட்டியலில் எம்பி4 எச்.264 பிரீசெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பட்டியலை ஒட்டியுள்ள சிறு பொத்தான்களில் புதிய பிரீசெட் உருவாக்குவதை அமுக்குங்கள். பெயர், குழு, கோப்பு வகை, வீடியோ, ஆடியோ எல்லாம் ஒரே சாளரத்தில் வரும். குழு என்ற இடத்தில் உங்கள் அணியின் பெயரைக் கொடுங்கள், பட்டியலில் தனியாகத் தெரியும். கேடென்லைவில் ரெசல்யூஷனும் ஃபிரேம் வேகமும் அடிப்படையில் புராஜெக்ட் புரொஃபைலைச் சேர்ந்தவை. முதல் கிளிப்பைப் போடும்போதே அதற்கேற்ப மாற்றவா என்று கேட்குமே, அதுதான். பிரீசெட்டில் அவற்றைத் தொடாமல் விட்டால் வேலை முடிந்தது.

சேமித்தவை எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் போய்ச் சேரும். அதன் பெயர் கஸ்டம்புரொஃபைல்ஸ், இருப்பது எக்ஸ்போர்ட் என்ற ஃபோல்டரில். லினக்ஸில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலோடு எச் அமுக்கினால் மறைந்திருப்பவை தெரியும். லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் கேடென்லைவ், அதற்குள் எக்ஸ்போர்ட். ஃபிளாட்பேக்காக (லினக்ஸில் மென்பொருள் நிறுவும் இன்னொரு முறை) நிறுவியவர்களுக்கு இடம் வேறு. மறைந்திருக்கும் வார் ஃபோல்டருக்குள் ஆப், அதில் கேடென்லைவின் பெயருள்ள ஃபோல்டர், பிறகு டேட்டா. விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டரின் ஆப்டேட்டாவைத் திறந்து கஸ்டம்புரொஃபைல்ஸ் என்று தேடிவிடுங்கள், நேரம் மிச்சம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தக் கோப்பை அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்து, அவர் தன் ஃபோல்டரில் ‘ரிப்ளேஸ்’ கொடுத்தால் அவர் இத்தனை நாள் சேர்த்துவைத்த பிரீசெட் எல்லாம் போய்விடும். உங்களுடைய பழைய சோதனை பிரீசெட்கள் பத்தும் இலவச இணைப்பாகப் போய்ச் சேரும். அதற்குப் பதிலாகக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வேறு பெயர் வையுங்கள். எழுத்துக் கோப்பாகத் திறந்தால் ஒவ்வொரு பிரீசெட்டும் ‘புரொஃபைல்’ என்று தொடங்கும் ஒரு துண்டாக இருக்கும். பகிர வேண்டிய துண்டை விட்டுவிட்டு மற்ற துண்டுகளை முழுசாக அழியுங்கள். தொடக்கத்திலும் கடைசியிலும் உள்ள வெளிச் சட்டத்தை மட்டும் கலைக்காதீர்கள். எக்ஸ்போர்ட் ஃபோல்டரில் கிடக்கும் எல்லா எக்ஸ்எம்எல் கோப்பையும் கேடென்லைவ் படிக்கும் என்பதால், வாங்குபவர் இந்தத் தனிக் கோப்பைத் தன்னுடையதன் பக்கத்தில் போட்டால் போதும்.

வாங்கியவரிடம் அந்தக் கோடெக் இல்லை என்றால் கேடென்லைவ் அந்த பிரீசெட்டைத் தேர்ந்தெடுத்தவுடனே ஆதரவில்லாத கோடெக் என்று சொல்லிவிடும். ரெண்டர் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போன பிறகு தெரிய வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஊர் தாண்டியும் கொடுக்க நினைத்தால் கேடிஇ ஸ்டோர் என்ற தளம் இருக்கிறது. கணக்கு தொடங்கிப் பதிவேற்றலாம். மற்றவர்கள் போட்டதை கேடென்லைவுக்குள்ளிருந்தே இறக்கிக்கொள்ளவும் முடியும். இறக்கியதை அப்படியே நம்பாமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கொடுக்கும் முன் சோதனை

நான் ஒரு சோதனைக் கிளிப் வைத்திருக்கிறேன், மொத்தம் நாற்பது நொடி. அதில் நான்கு துண்டு. முட்டத்து அலை. கன்னியாகுமரியில் சூரியன் மறைந்த பிறகான வானம். செம்மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் இடத்தில் தரம் குறைவாக இருந்தால் படிக்கட்டுபோல் பட்டை விழும், கடலைவிட இதுதான் கடினமான பரீட்சை. ராத்திரி நேரத் தேர், சுற்றிலும் சீரியல் விளக்கு. நான்காவது, ஒருவர் மைக்கில் பேசுவது. அதை ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்குக் கீழே நின்று எடுத்தேன், காற்று இரைச்சலில் பேச்சே கேட்காது. ஆடியோவைச் சோதிக்க அது உதவாது என்று தெரிந்தும் மாற்றாமல் வைத்திருக்கிறேன், சோம்பேறித்தனம்தான். நீங்கள் வீட்டுக்குள் எடுங்கள்.

புது பிரீசெட் செய்தால் இந்த நாற்பது நொடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து மூன்று இடத்தில் போட்டுப் பார்ப்பேன்: என் போன், வீட்டு டிவி, பக்கத்து வீட்டுப் பழைய டிவி. பிறகு விஎல்சியில் திறந்து கன்ட்ரோலோடு ஜே அமுக்கினால் கோடெக், அளவு, ஃபிரேம் வேகம் தெரியும். இன்னும் விவரமாக வேண்டுமென்றால் மீடியாஇன்ஃபோ. பிரீசெட்டை வாங்கியவரையும் அதே கிளிப்பை எக்ஸ்போர்ட் செய்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு கோப்பின் விவரமும் ஒத்துப்போனால் சரி.

ஒத்துப்போகவில்லை என்றால் எல்லாப் பழியும் பிரீசெட் மேல் விழும். பாதி நேரம் அது நிரபராதி. கேடென்லைவில் படம் மங்கலாக வந்தால் முதலில் ரெண்டர் சாளரத்தில் பிராக்ஸி கிளிப்புகளை வைத்து ரெண்டர் செய் என்ற டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். பழைய லேப்டாப்பில் எடிட்டிங் லேசாக ஓடுவதற்காகச் செய்துகொண்ட சின்ன நகலையே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சத்தமும் உதடும் பொருந்தவில்லை என்றால் போன் வீடியோ மேல் சந்தேகப்படுங்கள். பல போன்கள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. ஷாட்கட்டில் எடிட்டுக்கு ஏற்ற கோப்பாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, எடிட்டிங் தொடங்கும் முன் அதைச் செய்துவிட வேண்டும்.

எடிட் செய்யாமல் ஏற்கெனவே உள்ள வீடியோவைச் சிறிதாக்க மட்டும் வேண்டுபவர்களுக்கு ஹேண்ட்பிரேக் போதும். அதிலும் பிரீசெட் உண்டு. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும் மெனுவிலேயே இருப்பதால் ஃபோல்டர் தேடி அலைய வேண்டாம். என் மாமா அதைத்தான் பயன்படுத்துகிறார், ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன், பிறகு ஃபோன் வரவில்லை.

கூடவே ஒரு குறிப்பு

பிரீசெட்டை மட்டும் அனுப்பினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது எதற்கென்று மறந்திருக்கும். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது பிரீசெட்டையும் மாற்ற வேண்டி வரலாம். பழையதைத் திருத்தி அதே பெயரில் அனுப்பாதீர்கள், எண்ணைக் கூட்டிப் புதிதாக அனுப்புங்கள். யாரிடம் எது இருக்கிறது என்று ஃபோனில் கேட்டே தெரிந்துகொள்ளலாம். நாங்கள் ஜிப்புக்குள் ஒரு சின்ன எழுத்துக் கோப்பும் வைக்கிறோம். இப்போது எங்கள் பென் டிரைவ் பிரீசெட்டோடு போகும் குறிப்பு இது:

“குமரி பென் டிரைவ், பதிப்பு 3. ஷாட்கட்டுக்கு. டிவியில் போடும் பென் டிரைவுக்கு மட்டும், யூடியூபுக்கு வேண்டாம். எக்ஸ்264, 4 மெகாபிட், ஏஏசி 192. இரண்டு மணி நேரம் வரை 4 ஜிபிக்குள் நிற்கும். அதற்கு மேல் போனால் இரண்டாக வெட்டவும். அளவும் ஃபிரேம் வேகமும் இதில் இல்லை, டைம்லைனில் சரிபார்த்துக்கொள்ளவும். பதிப்பு 2 வைத்திருப்பவர்கள் அழித்துவிடவும், அதில் ஆடியோ ஒற்றைச் சேனலாகப் போய்விட்டது. தப்பு என்னுடையது.”